பின்னால் கூப்பிடக் கூடாது

ஏழு விளக்குகள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

டொலறஸ் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். அது வழக்கம்போலத் தேயிலை டின்னில் சாய்ந்து நின்றது. அதற்குள் மகள் பிறின்சி, வினிபெக் நகரத்தின் ஓரத்து வீட்டில், பிட்டுக்குச் சிவப்பரிசி மா குழைத்துக்கொண்டிருந்தாள். இங்கே, டொலறஸின் ரெய்னர்ஸ் லேனில் மத்தியானம் ஒன்றரை. அங்கே விடியாத காலை ஏழரை. கல்யாணமாகி மகள் கனடா போன நாளிலிருந்து இரண்டு பேரும் இப்படித்தான் சமைப்பார்கள். வீடியோவைப் போட்டுவிட்டு, பெரிதாக ஒன்றும் பேசாமல், அவரவர் பாட்டில். மகளுக்குப் பின்னால் ஜன்னலில் வரிசையாகத் தெரியும் தெருவிளக்குகளை டொலறஸ் தினமும் எண்ணுவாள். வேறென்ன செய்வது, அங்கே பார்க்க வேறு ஒன்றுமில்லை. வெட்டவெளி. வடக்கேயிருந்து வருகிற காற்றை மறிக்க ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது என்று மருமகன் றஜீவ் பகிடி விடுவான்.

"பிள்ளை, உங்கை றோட்டு லைட் நூந்திட்டுதோ?"

"சினோ கொட்டுதாக்கும் அம்மா. பனிப்புயல் மத்தியானம்தான் எண்டவங்கள். இன்னும் காத்தே இல்லை."

"றஜீவ்?"

"வேலை முடிஞ்சு எட்டு மணிக்கு வந்திடுவார். பூட்டு உறைஞ்சு கிடக்கு, வந்தாத் தட்டுவார்."

காற்று இல்லை என்பது உண்மைதான். அதுதான் டொலறஸுக்குப் பிடிக்கவில்லை. மற்ற நாட்களில் அந்த வீட்டுக் குளிர்பெட்டியின் உறுமல், ஹீட்டர் குழாயின் டொக்டொக், மகளின் வளையல் கிண்ணத்தில் படும் சத்தம் எல்லாம் போன் வழியாக வந்து இந்தச் சமையலறையையும் நிரப்பும். இன்றைக்கு வளையல் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, பெரிய கோயிலில் ஆளில்லாத நேரம் ஒருவர் நடப்பதுபோல. நாலு விளக்கு. கடைசியில் இருந்தது போய்விட்டது. மூன்று. அணைவதாகவும் தெரியவில்லை, ஏதோ ஒரு வெள்ளை வந்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தது.

அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. ஆனால் குழம்பு மணக்கவில்லை. டீப் பிரீசரைத் திறந்தால் வருமே, இரும்பும் பழைய பனியும் கலந்த மணம், அது மூக்கில் ஏறியது. டொலறஸ் காலுறை போட்ட பாதத்தை மற்றப் பாதத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம். மெதுவாக.

"இவர் வந்திட்டார்," என்றாள் பிறின்சி. முகம் மலர்ந்துபோனது.

கார் வெளிச்சம் வரவில்லையே. றஜீவ் வந்தால் அந்த ஜன்னலில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் சுவரைத் தடவிப் போகும், எத்தனை காலையில் பார்த்திருக்கிறாள். டொலறஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் மா ஒட்டிய கையோடு எழுந்து, முதுகைக் காட்டி வாசலுக்கு நடந்தாள்.

படியிறங்குகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. கிழமை தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவள்தான் டொலறஸ், ஆனாலும் இதை விடமாட்டாள். மூன்று வருசத்துக்கு முன் வேலைக்கு இறங்கிய தன் மனுசனை, "இஞ்சை, சாப்பாட்டுப் பெட்டி!" என்று பின்னால் கூப்பிட்டவள் அவள். பின்னேரம் அவரை ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் பார்த்தாள். அன்றிலிருந்து யாரையும் பின்னால் கூப்பிட்டதில்லை.

வந்த சொல்லை விழுங்கினாள்.

போனில் கதவு திறக்கும் சத்தம்.

"றஜீவ்? எங்க நிக்கிறீங்கள்?"

பனியில் காலடி. நொறுக், நொறுக். தள்ளிப் போகும் காலடி.

அப்போதுதான் திரையின் மேற்பக்கத்தில் செய்தி வந்து விழுந்தது. றஜீவ். "மாமி, புயல் முந்தியே வந்திட்டுது, றோட்டு எல்லாம் பூட்டிட்டாங்கள். நான் வேலையிலதான் நிக்கிறன். பிறின்சியின்ர போன் பிஸி, உங்களோடதான் கதைக்கிறா போல. கதவைத் திறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. குளிர் உள்ளுக்க வந்திடும்."

"பிறின்சி!"

சமையலறை அதிரக் கத்தினாள்.

"பிள்ளை! வா உள்ள! அது றஜீவ் இல்லையடி!"

திரையில் வெறும் கதிரை. மாக் கிண்ணம். ஜன்னலில் ஒரு விளக்கு.

விளக்கு இல்லை.

காலடியும் நின்றுபோனது. கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. மாவின்மேல் ஏறியது. பனி. வீட்டுக்குள். டொலறஸ் றஜீவுக்கு அடித்தாள், மணி போகவில்லை. அவசர உதவிக்கு 999 அடித்தாள். எந்த இடம் என்று கேட்டார்கள். வினிபெக் என்றாள். மறுபடி கேட்டார்கள். மாதாவே, நாலாயிரம் மைலுக்கு அங்கால் இருக்கிற என்ரை பிள்ளையை யார் போய்த் தூக்குவது? போன் கைதவறி நிலத்தில் விழுந்தது.

தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம். மெதுவாக.

போனிலிருந்து வரவில்லை.

நடையில், அவளுடைய முன்கதவின் கண்ணாடியில், எந்த நாளும் பக்கத்து வீட்டுச் சிவப்புக் கார் மங்கலாகத் தெரியும். இப்போது வெள்ளை மட்டும். பட்டப்பகல். தூறல் விழுந்த தெரு. அந்தத் தெருவையே காணவில்லை.

டொலறஸ் சுவரைப் பிடித்து நடந்தாள். திறக்க மாட்டேன். திறக்க மாட்டேன். யேசுவே, திறக்க மாட்டேன்.

கடிதம் போடும் துவாரத்தின் மூடி கிரீச்சிட்டு உள்ளே எழும்பியது. ஒரு பிடி பனி மிதியடியில் கொட்டியது.

"அம்மா."

பிள்ளையின் குரல். அச்சொட்டாக.

"குளிருது அம்மா."

டொலறஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள். ஏனம்மா என்னைக் கூப்பிடேல்லை? ஒருக்காக் கூப்பிட்டிருந்தாத் திரும்பியிருப்பனே."

துவாரத்தின் வழியாக நாலு விரல்கள் உள்ளே வந்தன. நீலம் பாரித்த விரல்கள். நகங்களைச் சுற்றிச் சிவப்பரிசி மா, குழைத்த பதத்திலேயே, கல்லாக உறைந்திருந்தது. அவை தாழ்ப்பாள் எங்கே என்று தேடவில்லை. தாயின் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றன.

"பிள்ளை," என்று கூப்பிட்டுக்கொண்டே டொலறஸ் தாழ்ப்பாளைத் தொட்டாள். உறைந்த இரும்பு அவள் தோலில் ஒட்டிக்கொண்டது.