வெளிச்சம் படாத மணல்

குழாய் இளஞ்சூடாக இருந்தது. காலை வெயிலில் கிடந்த மணலை உள்ளங்கையில் அள்ளினால் எப்படியிருக்குமோ, அந்த அளவு சூடு. ஆனால் பத்து நாளாக அது ஈரச் சாக்குச் சுற்றி, சிமெந்துத் தரையில், வெயில் எட்டியே பார்க்காத அறைக்குள் கிடந்தது. பக்கத்தில் கிடந்த மற்ற ஆறு குழாய்களையும் றஸ்னா விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து முடித்திருந்தாள். அவையெல்லாம் குளிர்ந்துதான் இருந்தன.

வெளியே பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். சாய்ந்தமருது ஊர் முழுக்க வெயில் கொளுத்த, இந்த அறைக்குள் மட்டும் இருட்டு. மாவடிப்பள்ளி வயலிலிருந்து வரும் நெல் மூட்டைகளை அடுக்கும் அறை அது. ஜன்னலுக்கும் கதவிடுக்குக்கும் கறுப்புப் பொலித்தீன் ஒட்டி, கல்முனை பசாரில் வாங்கிய சின்னச் சிவப்பு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதை ஆய்வறை ஆக்கியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இருட்டறை கட்டித் தருகிறோம் என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அதை நம்பியிருந்தால் கலாநிதிப் பட்டம் மறுமையில்தான் கிடைக்கும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடலில் போய்ச் சேரும் தோணா ஓடையின் கரையில் ஆளுயரக் குழி வெட்டினால் அதன் சுவரில் அடுக்கடுக்காக மண் தெரியும். வெள்ளம் கொண்டுவந்த களி, வறட்சியில் வெடித்த சேறு, இடையிடையே கடல் ஊருக்குள் ஏறிய வருடங்களின் மணல். ஒவ்வொரு மணல் அடுக்குக்குள்ளும் ஒரு குழாயை அறைந்து, நுனிகளைக் கறுப்பு டேப்பால் அடைத்து எடுத்து வரவேண்டும். மணல் கடைசியாக வெயிலைக் கண்ட நாளைத் தனக்குள் வைத்திருக்கும். ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் அந்த நாள் அழிந்துபோகும். அதற்குத்தான் இத்தனை இருட்டு. ஆயிரம் வருடத்தில் கடல் இந்தக் கரைக்குள் எத்தனை தரம் வந்தது என்பது அவளுடைய ஆய்வு.

ஏழாவது குழாய்க்கு மட்டும் விடை முன்பே தெரியும். முறை சரிதானா என்று பார்க்கத் திகதி தெரிந்த மணல் ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர். 2004 மார்கழி இருபத்தாறு. சுனாமி வந்த ஞாயிறு காலை.

அன்றைக்கு றஸ்னாவுக்குப் பத்து வயது. கடற்கரையில் நின்றவள், ஒரு தென்னையில் சிக்கிப் பிழைத்தாள். தம்பி அஹ்ஸனுக்கு ஆறு. வீட்டில் நின்றிருந்தால் உம்மாவோடு அவனும் தப்பியிருப்பான். "என்னக் கூப்புடுறாங்க எண்டு சொல்லிக்கிட்டு கடல் பக்கம் ஓடினான்" என்றார் அயல் வீட்டு ஹவ்வா உம்மா. மையித்தும் கிடைக்கவில்லை. உம்மா சரீபா மகளிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள்: "நீதானே கூப்புட்ட?" இல்லை என்றாள் றஸ்னா. உம்மா நம்பவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் சோறு, தண்ணி, கதவு என்று தேவைக்கு மட்டும் கதைக்கிறார்கள். தான் கூப்பிடவில்லை என்று உம்மா ஒருநாள் நம்பிவிட வேண்டும். றஸ்னாவுக்கு உலகத்தில் வேறு ஆசை இருக்கவில்லை.

நுனி டேப்பைக் கிழித்தாள். சேற்று நாற்றம் வரும் என்று முகத்தைத் திருப்பியவளுக்கு வெயிலில் காயும் வலையின் வாடை வந்தது, அதோடு யாரோ தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், அடுப்பில் பால் பொங்கும் மணம், அதற்கும் பின்னால் மீன் லொறியின் கோர்ன், காகங்கள், ஒரு சைக்கிள் மணி, ஒழுங்கையில் பிள்ளைகள் ஓடித் திரியும் சத்தம், எல்லாம் ஒரு முழ நீளக் குழாயின் வாய்க்குள்ளிருந்து, அடுத்த வளவில் நடப்பது மாதிரி, மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தன.

எந்தச் சத்தம் இல்லை என்பது பிறகுதான் பிடிபட்டது. அலை. அலைச் சத்தமே இல்லை. கடல் பின்வாங்கிவிட்டது.

"ராத்தா?"

அக்காவைத் தேடும் அஹ்ஸனின் குரல். ஓடு என்று கத்த வாயெடுத்தாள். கத்தினால் அவனுக்குக் கேட்கும். கேட்டால் வருவான். ஹவ்வா உம்மா சொன்னது இதுதானா? இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பல்லில் மணல் கடிபட்டது.

"ராத்தா, எங்க நிக்காய்?"

வெள்ளை பல்பின் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருந்தது. போட்டால் எல்லாம் நின்றுவிடும். அவனும்தான். அவள் அதைத் தொடவில்லை. மூச்சை அடக்கினாள். கண்ணீர் விரல்களுக்கு மேலால் வழிந்தது.

சின்னக் கால்கள் நின்றன. மணலைக் கீறின. பிறகு திரும்பின. ஓரடி. இன்னோரடி. வீட்டுப் பக்கம்.

போகிறான். தம்பி வீட்டுக்குப் போகிறான். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலச் சந்தோசமாக இருந்தது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"புள்ள, சோறு ஆறுது" என்றாள் உம்மா.

வாயைப் பொத்திய கையை றஸ்னா எடுக்கவில்லை. பொலித்தீன் சரசரத்தது. உம்மா கதவில் காதை வைக்கிறாள். குழாய்க்குள் தம்பி எதையோ பாடிக்கொண்டே நடந்தான்.

"உள்ள ஆரு?"

கூப்பிடாதீங்க உம்மா. சொன்னால் அவனுக்கும் கேட்கும். கதவைத் திறந்தால் வெயில் உள்ளே வரும். றஸ்னா இருட்டுக்குள் தலையைத் தலையை ஆட்டினாள்.

"அஹ்ஸன்?" உம்மாவின் குரல் உடைந்தது. "என்ட மனே. உம்மா இஞ்சதான் இரிக்கன். வா மனே."

கால்கள் நின்றன.

"வாறன் உம்மா."

ஓடி வரத் தொடங்கினான். மூச்சு வாங்க. சிரித்துக்கொண்டு. மடியில் கிடந்த குழாய் குளிர்ந்தது. எங்கோ தூரத்தில் ஓர் இரைச்சல் எழும்பியது.

"கேக்குதா புள்ள?" உம்மா கதவைத் தட்டினாள். இவ்வளவு அன்பாக அவள் றஸ்னாவிடம் கதைத்து எத்தனையோ வருடம். "உன்ட தம்பி வாறான். கிட்ட வந்திட்டான்."

குழாயின் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் றஸ்னாவின் மடியில் வழியத் தொடங்கியது.