சிவந்தது யார் கவா?

"ஐயோ... போங் செத்துட்டான்!"

காலைச் சந்தையையே கிழித்தது அந்த அலறல்.

லெய்மாஸ் தேங்காய் ஓட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். லுகன்வில் துறைமுகச் சாலையில், கிறக்கம் தரும் வேர்ச்சாறான கவாவை விற்கும் அவளுடைய கடை வாசலிலேயே கிடந்தான் வாடிக்கைக்காரன் போங். வாயோரம் நுரை. கண்கள் பாதி மூடி...

பக்கத்தில் மசிங். எதிர்க் கவா கடைக்காரன். ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

"பாருங்க! இவ வித்த பொடி! ரெண்டு நாள் கவாவைக் கலந்து கொன்னுட்டா!"

கூட்டம் பின்வாங்கியது. நேற்று மாலை அவளிடம் குடித்தவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ரெண்டு நாள் கவா! குடித்தால் இரண்டு நாள் தலை தூக்க முடியாது. குமட்டும். கண் எரியும். கடைக்காரர் யாரும் விற்கக் கூடாத ஜாதி.

போலீஸ் சார்ஜென்ட் டாரி ஜீப்பிலிருந்து குதித்தார். போங்கின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"துடிப்பு இருக்கு. மெதுவா... ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கய்யா! லெய்மாஸ், இவன் போய்ட்டான்னா உன் மேல கொலைக் கேஸ்!"

"சார்ஜென்ட், எங்கிட்ட இருக்கறது பெந்தெகொஸ்ட் தீவோட நல்ல ஜாதிக் கவா, போரோகு மட்டும்தான். வேர் மட்டும். தோலு, தண்டு எதுவும் சேர்க்கமாட்டேன்!"

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்" என்றான் மசிங்.

"சோதிச்சுப் பாருங்க!"

லெய்மாஸ் கடைக்குள் போய், நகப் பூச்சு அழிக்கும் அசிட்டோனோடு ஓடி வந்தாள். இரண்டு கண்ணாடிக் குடுவை. ஒன்றில் அவள் மூட்டையிலிருந்து எடுத்த பொடி. மற்றதில் மசிங் காட்டிய பொட்டலம். அசிட்டோனை ஊற்றிக் குலுக்கினாள்.

"நல்ல கவான்னா மஞ்சளாகும். ரெண்டு நாள் கவான்னா செவக்கும்."

முதல் குடுவை... மஞ்சள்!

இரண்டாவது... ஆரஞ்சு... சிவப்பு!

"பார்த்தீங்களா!" மசிங் துள்ளினான். "பொட்டலத்துல அவ கடை முத்திரை இருக்கு! நல்லதை உள்ள வெச்சுக்கிட்டு விஷத்தை வெளிய விக்கிறா!"

லெய்மாஸ் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். முத்திரை அவளுடையதேதான். யார் வேண்டுமானாலும் வாங்கி, உள்ளே இருப்பதை மாற்றியிருக்கலாம். ஆனால் யார் நம்புவார்கள்?

டாரி விலங்கை எடுத்தார்.

"ஸ்டேஷனுக்கு வா."

"நான் செய்யல சார்ஜென்ட்... சத்தியமா..."

"டேய்... மசிங்..."

எல்லோரும் திரும்பினார்கள்.

போங்!

கண் திறக்காமலே கையால் காற்றைத் துழாவினான்.

"சும்மா படுத்துக் கெடந்தா போதும், ஒரு பன்னியையே கூலியா தர்றேன்னு சொன்னியேடா! நல்ல கவான்னு சொல்லி என்னத்தைடா ஊத்துன? நடிக்கவே வேணாம்டா... எந்திரிக்கவே முடியலடா!"

அடுத்த நொடி, ரோட்டோரத்தில் குடலைக் கக்கினான்.

மசிங் நழுவப் பார்த்தான். மீன்காரி ஒருத்தி கூடையை அவன் காலடியில் தள்ள, குப்புற விழுந்தான். லெய்மாஸுக்காக எடுத்த விலங்கு, க்ளிக்கென்று அவன் கையில் ஏறியது.

"இவன் நடிப்புல எனக்கு நம்பிக்கை இல்ல சார்ஜென்ட்... அதான் நெஜமாவே ரெண்டு நாள் கவாவைக் கலந்துட்டேன்..." நாக்கு ஒட்டிக்கொண்டது மசிங்குக்கு. "தாகமா இருக்கு... குடிக்க ஏதாவது..."

டாரி அவனை ஜீப்புக்குள் தள்ளினார்.

"ஸ்டேஷன்ல பச்சத் தண்ணி இருக்கு. பயப்படாமக் குடி, அது நீ கலக்காதது!"