கடைவாய்ப் பல்லில் ஒட்டிய உணரி

முற்றத்தில் எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்குள், சுவரைப் பார்த்தபடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவே, சாய்ராவின் மடியிலிருந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. திரையில் ஓர் எண்: மூன்று. அது திரைச்சீலைக்கு அப்பால் கிடத்தியிருந்த அவள் கணவன் மெலிஸின் வாயிலிருந்து வந்தது.

தலைநகரான பிஷ்கெக்கின் ஓர் ஆய்வகத்தில் இருவரும் ஐந்து வருடம் உழைத்துச் செய்த உணரி அது. அரிசி அளவுதான். பல்லின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, உமிழ்நீரில் பயத்தின் சுரப்பு எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை அளக்கும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. முதலில் தன் வாயில் ஒட்டிக்கொண்டவன் மெலிஸ்தான். இந்த ஒப்பாரிக்கு முன், அன்று அதிகாலை அவன் இதயம் நின்றபோதும் அது அங்கேயே இருந்தது. உடலைக் கழுவியவர்கள் கவனிக்கவில்லை.

காய்ந்த வாயிலிருந்து வரும் எண்ணைக் குப்பையில் போட வேண்டும். அந்த விதியை எழுதியவளே அவள். போட்டாள். வெளியே அண்டாக்களில் குதிரைக்கறி வெந்த ஆவி, ஈரக் கம்பளியின் நாற்றம், தொண்டை கட்டிய அழுகை எல்லாம் கலந்து இரவு நகர்ந்தது.

விடிந்து அரை மணி நேரத்தில் பதினேழு. உறங்கி விழித்தவர்களுக்கு மட்டுமே வரும் ஏற்றம். பக்கத்தில் இருந்த குறிப்பைப் பார்த்தாள். வாயில் ஈரம்: போதும்.

மெலிஸின் தம்பியைத் தேடி ஓடினாள். "பாகாஸ், இப்ப தூக்காதீங்க. டாக்டர் இன்னொரு தடவ பாக்கட்டும்."

"அண்ணி, போன வாரம் உங்க மெஷின் என் குதிரைக்கே பரீட்சை பயம்னு சொல்லுச்சே. அண்ணனே விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"இது அப்படி இல்ல."

"டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு, குழி வெட்டியாச்சு. எரநூறு பேரு நிக்கிறாங்க. போய் அழுங்க."

"படிச்சவ இல்லையா," என்றாள் வாசலில் ஒருத்தி. "கண்ணீரக்கூட அளந்துதான் விடுவா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். குதிரை விஷயம் உண்மை. சாய்ராவுக்கு வெட்கமாக இருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

நண்பகலில் ஆண்கள் தூக்கிப்போனார்கள். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை.

மறுநாள் விடியுமுன் அவள் போனாள். தனியாக.

அந்த ஊர்க் குழிகளில் பக்கவாட்டில் ஓர் அறை குடைந்து, உடலை அதற்குள் வைத்துச் செங்கல்லால் அடைப்பார்கள். மண் உடல்மேல் விழாது. உள்ளே ஒருவர் எழுந்து உட்காரலாம்.

மேட்டருகே போனதும் கைபேசி அதிர்ந்தது. உணரி சேர்த்து வைத்திருந்த எண்கள் வரிசையாக இறங்கின. பகல் பன்னிரண்டு மணிக்கு எட்டு. பன்னிரண்டரைக்கு இருபது. ஒரு மணிக்கு ஐம்பத்தாறு. பயம் எச்சிலில் தெரிய இருபது நிமிடமாகும். கணக்குப் போட்டாள். செங்கல் அடைத்த நேரம்.

பிறகு எண்பது. அளவையின் உச்சம் அதுதான். எண்பது. எண்பது. இரவு முழுக்க எண்பது.

கடைசி எண்ணின் நேரம், ஆறு நாற்பது.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

ஜனவரி மண் இரும்பாக இறுகியிருந்தது. விரல்களால் பறித்தாள். அழைக்கச் சிக்னல் இல்லை. கத்தினாள். ஊர் தொலைவில் இருந்தது. ஒரு நகம் பெயர்ந்தது. கைபேசி அதிர்ந்தது. அறுபது.

பறித்தாள். நாற்பத்தொன்று. பயம் தணியவில்லை; உயிர் தணிகிறது.

கையளவு ஆழம்கூட ஆகவில்லை.

இருபத்திரண்டு.