ஒரு முகவரிக்கு இரண்டே இணைப்பு

போன் அடித்தது.

திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது. அவள் எடுக்கவில்லை.

அடிக்கட்டும்... நேற்று சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதே லைனை வெட்டிவிட்டுப் போனான் அல்லவா? இன்றைக்குக் கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும்.

மறுபடி அடித்தது. அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அடித்தபோது மனசு இளகிவிட்டது. அண்ணன் விஷயத்தில் அவளுக்கு அதற்கு மேல் வீம்பு தாங்காது.

“என்ன சார்... கோபம் தீர்ந்துச்சா?”

மறுமுனையில் ஒரு பெண் குரல். கேட்டறியாத குரல்.

“இந்த போன்காரருக்கு நீங்க என்ன வேணும்?”

“தங்கச்சி. நீங்க யாரு?”

“போலீஸ் இன்ஸ்பெக்டர். கொஞ்சம் உக்காந்துக்கோங்கம்மா.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் சீப்பைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினாள்.

* * *

அண்ணன் அந்த வீட்டுக்கு நேற்று மதியம்தான் குடிவந்திருந்தான். அட்டைப் பெட்டிகள் கட்டு அவிழ்க்காமல் கிடந்தன. சமையல் மேடையின் கருங்கல் விளிம்பில் ரத்தம் உறைந்திருந்தது. கீழே தரையில் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. பெருவிரலில் பிளாஸ்திரி.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டது. பீரோவைத் தூக்கும்போது காலில் போட்டுக்கொண்டானாம். நேற்று போனில் சொல்லிச் சிரித்தான்.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அழுது முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வழுக்கி விழுந்திருப்பானோ, மேடம்?”

“வழுக்கி விழறவர் கதவை வெளிப்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தாம்மா விழுவார்? காலைல வீட்டு ஓனர்தான் திறந்து பார்த்திருக்கார்.”

அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“கடைசியா எப்பப் பேசினீங்க?”

“நேத்து சாயங்காலம். ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோபப்படாம கேளு’ன்னான். பழைய சண்டையைத்தான் ஆரம்பிக்கறான்னு நான் எரிஞ்சு விழுந்தேன். ‘ஒரு நிமிஷம் இரு, வரேன்’னு லைன்லயே போனைக் கீழ வெச்சுட்டுப் போனான். சத்தமே இல்ல... அப்புறம் லைனை வெட்டிட்டான்.”

“நீங்க திரும்பக் கூப்பிடலையா?”

“இல்ல.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

“போன் கம்பெனியில கேட்டுட்டேன். நேத்து சாயங்காலம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு போன் காலும் போகலையே?”

“அது வழியா பேசலை, மேடம். எங்க நெட்வொர்க்ல பேசினோம். நாங்களே செஞ்சுட்டிருக்கறது, இன்னும் முடியலை. நாம சமைச்சதை முதல்ல நாமதான் சாப்பிடணும்னு அண்ணன் சொல்வான். அதனால எங்களுக்குள்ள எப்பவும் அதுலதான் பேசுவோம்.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“நடுவுல கம்பெனி கிடையாது, பெரிய மெஷின் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பெட்டி. பேச்சு ஒரு பெட்டியிலருந்து இன்னொரு பெட்டிக்குத் தாவித் தாவிப் போகும். யாரும் தலைவர் இல்ல.”

“தலைவர் இல்லாத இடத்துல திருடன் தலைவனாயிடுவானே?”

“அதுதான் பயம். ஒருத்தனே ஆயிரம் பேர் மாதிரி வேஷம் போட்டு நுழைஞ்சா, மொத்தமும் அவன் கைக்குப் போயிடும். ஆனா எத்தனை வேஷம் போட்டாலும் அவன் வீட்டு இன்டர்நெட் ஒண்ணுதானே? அதுக்கு ஒரு எண் உண்டு, ஐ.பி. முகவரின்னு. அதைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு முகவரிக்கு ரெண்டே இணைப்பு... அதுக்கு மேல கிடையாதுன்னு வெச்சேன்.”

“நல்லதுதானே? இதுல என்ன சண்டை?”

“அண்ணனுக்குப் பிடிக்கலை. ‘ஒரே வீட்டுல ஆறு பேர் இருந்தா அவங்க எல்லாம் திருடங்களா? நீயும் உன் புருஷனும் ரெண்டே பேர்ங்கறதால ஊருக்கே ரெண்டா?’ன்னு கேப்பான்.”

“சரி, மூணாவது ஆள் வந்துட்டா என்ன ஆகும்?”

“மூணாவது வந்தா, முதல்ல வந்தது கழண்டு...”

பாதியில் நின்றாள்.

அவள் கண் வரவேற்பறை மூலையில் போய் நின்றது. அங்கே அண்ணனின் சின்னப் பெட்டி, பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

“என்னம்மா?”

“பேசிட்டிருக்கற இணைப்பைக் கழட்டக் கூடாது, மேடம். சும்மா இருக்கறதைத்தான் கழட்டணும். அதை அப்புறம் எழுதிக்கலாம்னு, இப்போதைக்கு முதல்ல வந்தது வெளியேன்னு நான்தான் போட்டு வெச்சேன். அண்ணன் என்கூட போன்ல பேசினான், அது ஒண்ணு. பேசிட்டே இந்தப் பெட்டியை மாட்டினான், அது ரெண்டு. அப்புறம்... மூணாவதா ஒரு போன் இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கு.”

அண்ணன் வெட்டவில்லை.

ராத்திரி முழுக்க அவள் யாரைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தாளோ, அவன் லைனை வெட்டவே இல்லை! அவள் வைத்த கட்டுப்பாடு வெட்டியிருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்த அறையில் நடந்த அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். கத்தியிருக்கலாம். ஓடி வந்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டார். தொட்ட கை அன்பானது. கேட்ட கேள்வி போலீஸ் கேள்வி.

“உங்க ப்ரோக்ராம் எத்தனை போன்ல இருக்கு?”

“நாலே நாலு. அண்ணன், நான், எங்க பார்ட்னர் தாடி. அப்புறம் என் வீட்டுக்காரர். அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, விற்பனை வேலை. ஆள் கணக்குக்கு நான்தான் அவர் போன்ல ஏத்தி வெச்சேன். முந்தாநாளே வெளியூர் போயிட்டார். சேதி சொன்னேன், வந்துட்டிருக்கார்.”

“அப்ப தாடி.”

“அவன் அப்படிப்பட்டவன் இல்ல, மேடம்.”

“அப்படிப்பட்டவங்கன்னு நெத்தியில எழுதியிருந்தா எனக்கு எதுக்கும்மா சம்பளம்? அண்ணன்கூட சண்டை உண்டா?”

“போன வாரம்... சீக்கிரம் வெளியிடணும்னு அவன் கத்தினான். அண்ணன் முடியாதுன்னுட்டான்.”

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் யோசித்தபடி சொன்னாள்.

“இந்த வீட்டுக்கு இன்டர்நெட் நேத்து மதியம்தான் வந்துச்சு. பாஸ்வேர்ட் புதுசு. வந்தவர் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கித்தான் போட்டிருக்கணும்.”

“கொலை பண்ண வந்தவன் பாஸ்வேர்ட் கேப்பானா?”

“பேச வந்தவர் கேப்பார் மேடம். இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தானே கேக்கறோம்? ஒரு தடவை போட்ட போன், அடுத்த தடவை வாசல் தாண்டினதுமே தானா ஒட்டிக்கும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

* * *

அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு, நேற்று இருந்தபடியே எல்லாவற்றையும் அமைத்தாள். அண்ணன் போனை அணைத்துவிட்டு, அதன் இடத்தில் முதலில் தன் போனை இணைத்தாள். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டாள். அவள் போன் திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

“மூணாவதா ஒரு போன் நுழைஞ்சா இது சிவப்பாயிடும்.”

தாடி வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. ரத்தக்கறையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

“போன வாரம் அவன்கிட்ட கத்தினேன்... மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்... கேக்கலையே...”

அவள் புள்ளியைப் பார்த்தாள்.

பச்சை.

“போனைக் குடுங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். வாங்கி அவளிடம் நீட்டினார். ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டு இன்டர்நெட் அந்த போனுக்குப் பரிச்சயமே இல்லை.

பச்சை... பச்சை... பச்சைதான்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. தாடி இல்லை. அப்படியானால் தன் கணக்குத்தான் எங்கோ தப்பு.

அப்போது படியில் காலடிச் சத்தம்.

தோள்பையோடு மூச்சிரைக்க வந்தான் கணவன். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து அவளை அணைத்துக்கொண்டான்.

“அழாதம்மா... நான் வந்துட்டேன்ல? கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வரேன்.”

காலையிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் ஆறுதல். அவன் தோளில் முகம் புதைத்தாள். சட்டையில் அவர்கள் வீட்டு சோப்பு வாசனை.

கையில் இருந்த தன் போன் கண்ணில் பட்டது.

சிவப்பு!

அவள் அசையவில்லை. அவன் தோளிலிருந்து முகத்தை எடுக்கவும் இல்லை. அதை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவனுக்கு மனைவியாக இருந்துகொண்டாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

“இந்த வீட்டுக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?”

“இல்லம்மா. வழி கேட்டுக் கேட்டுத்தான் வரேன்.”

“அப்ப பாஸ்வேர்ட் யார் குடுத்தா?”

அணைத்திருந்த கைகள் தளர்ந்தன.

இன்ஸ்பெக்டர் அவன் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, திரையைப் பார்த்துவிட்டு அவனிடமே காட்டினார்.

“உங்களை விட உங்க போனுக்கு வழி நல்லாத் தெரியுது சார்.”

அவன் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பெட்டி அமுங்கியது.

“நான் சண்டைக்கு வரலை. சொல்லிடாதீங்க மச்சான்னு கெஞ்சத்தான் வந்தேன்.”

“எதை?”

“நீ எழுதறதை எல்லாம்... உன் லேப்டாப்பிலருந்து எடுத்து வேற கம்பெனிக்குக் குடுத்துட்டிருந்தேன். அவங்க செஞ்சதை மச்சான் பார்த்துட்டார். மூணாவது வந்தா முதல் ஆள் வெளியே போற அதே தப்பு அதுலயும் இருந்துச்சாம். ‘இது என் தங்கச்சி இப்போதைக்குன்னு விட்ட தப்பு, உன்னைத் தவிர யார் குடுத்திருப்பா’ன்னு நேத்துக் காலைல போன்லயே கேட்டார்... நேர்ல வந்தப்ப, அவ உன்மேல முழு நம்பிக்கை வெச்சிருக்கா, நீயே சொல்லிடுன்னார். அவர் போனை எடுக்கப் போனார்... நான் தள்ளிட்டேன்.”

“அந்தப் பக்கம் நான் காத்துட்டிருக்கேன்னு நினைச்சுத்தான் அவன் போனை எடுக்கப் போனான்.”

“நீ லைன்ல இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா நான் அவரைத் தொட்டிருப்பேனா?”

“நான் லைன்ல இல்ல. அதுக்குள்ள உங்க போன் என்னை வெளியே தள்ளிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்து எழுப்பினார். படியிறங்கும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனுக்காக அழுதாள். ஒன்பது வருஷக் குடித்தனத்துக்காகவும் அழுதாள். எது எதற்கான அழுகை என்று பிரிக்க முடியவில்லை.

தாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைப் பேசினான்.

“அந்த லிமிட்டு... அவன் ஆசைப்பட்ட மாதிரியே ஏத்திடலாமா? ஒரு முகவரிக்கு ஆறுன்னு?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊருக்கெல்லாம் ஆறா ஏத்திடு,” என்றாள். “எங்க வீட்டுக்கு மட்டும் ஒண்ணு போதும்.”