கடைசி ஆள்

முதலில் கேட்டது மட்கார்டு ஆடுகிற சத்தம். தகரம் தகரத்தில் மோதிக் கடகடவென்று, சுகுமாறனுக்குப் பின்னால், பாமாயில் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கேயோ. மலைச் சைக்கிளுக்கு மட்கார்டே கிடையாது. அதுகூடப் போகட்டும், அவனுக்குப் பின்னால் ஆளே இருக்கக்கூடாது. அவன்தான் ஸ்வீப்பர்.

பெயர்தான் அப்படி. குன்றில் தொடங்கித் தோட்டத்துக்குள் புகுந்து, பத்து பாகாட் ஊர்க் கடற்கரையில் முடிகிற சைக்கிள் ஜம்போரி அது, வருஷத்துக்கொரு தடவை நடக்கிற சவாரித் திருவிழா. வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். எல்லாரும் போன பிறகு, கடைசி ஆளுக்கும் கடைசியாக வந்து, அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, காட்டுக்குள் யாரும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது ஸ்வீப்பரின் வேலை. ஒரு காலத்தில் இதே பாதையில் முதலாவதாக வந்தவன் சுகுமாறன். முழங்கால் போனது, பெயரும் போனது. இவனிடம் செயின் மாட்டக் கற்றுக்கொண்ட குணாளன் இன்றைக்குச் சைக்கிள் சங்கத் தலைவர். கூடாரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மீகோரேங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருப்பான், அவனுக்கென்ன?

போன வருஷம் பிளாஸ்டிக் ரிப்பன் கொஞ்சம் காட்டிலேயே தங்கிவிட்டதென்று தோட்டத்து மேனேஜர் குரைத்தாராம். அத்தனை பேர் முன்னாலும் குணாளன் கேட்டான்: "கண்ணு தெரியலன்னா சொல்லிருங்கண்ணே, வேற ஆளப் போட்டுக்கிறேன்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாகச் சுகுமாறனின் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது. இந்த வருஷம் பிளாஸ்டிக் வேண்டாமென்று, உடுப்புத் தொழிற்சாலையில் வெட்டிப்போட்ட சிவப்புத் துண்டுகளை வாங்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு துண்டும் மிஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சிவப்பாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அவன் பிடுங்கிக்கொண்டே வந்தான். முடிச்சு இறுகியிருந்தால் கத்தியால் அறுத்தான்.

அவனுக்கு முன்னால் வாசுகி போய்க்கொண்டிருந்தாள். மகள். இன்றைய கடைசி ஆள் அவள்தான். குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை, சைக்கிள் அவளுக்கு வராது. வீட்டில் மகனும் மருமகளும் தட்டை வைத்துவிட்டு டிவி பக்கம் போய்விடுவார்கள். எதிரில் உட்கார்ந்து, "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கிற ஒரே ஜீவன் அவள். அப்பா சிரித்து நாளாகிறதே என்று பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தவள். காட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள்:

"அப்பா, என்னை விட்டுட்டு முன்னால போயிடாதீங்க. பின்னாலயே வாங்க. எனக்கு இந்த இடம் புடிக்கல லா."

"போம்மா. ஸ்வீப்பர் முந்தக்கூடாது, அதான் ரூல்."

இப்போது அவள் வளைவுக்கு அப்பால் மறைந்திருந்தாள். சுகுமாறன் மிதிப்பதை நிறுத்தினான். அவனுடைய சக்கரம் டிக்டிக்கென்று ஓய்ந்தது. பின்னால் கடகடவும் நின்றது. மதியம் சாய்ந்துகொண்டிருந்த நேரம்தான், ஆனாலும் செம்பனை மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து வெளிச்சத்தை மேலேயே நிறுத்திவிட்டிருந்தன. கீழே அழுகிய பழக்குலையின் எண்ணெய் நாற்றம், கடற்பக்கத்துச் சேற்று வாடை, அதற்கும் அடியில் வேறொன்று. பால் புளித்த வாடை. மாட்டுப்பால் இல்லை, ரப்பர் பால்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வாடை தெரியாதா? வாளியில் மிஞ்சிய பால் வெயிலில் புளித்து, தொண்டைக்குள் இறங்கிக் குமட்டுகிற வாடை. ஆனால் இங்கே பால்மரத்தையெல்லாம் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டு ஒரு தலைமுறை ஆகிறது. இல்லை, எல்லாவற்றையும் தள்ளவில்லை. சற்றுமுன் கடந்துவந்த வாய்க்கால் பாலத்துப் பக்கத்தில் ஒன்று நின்றது. ஒற்றைப் பால்மரம், கிழட்டு மரம். அதிலிருந்தும் ஒரு சிவப்புத் துணியை அறுத்துப் பையில் போட்டிருந்தான். இத்தனை மரத்தையும் தள்ளியவர்கள் அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை.

விரல் பிசுபிசுத்தது. பார்த்தான், சிவப்பு. மோந்தான்.

குங்குமம்.

பையைத் திறந்தான். தொழிற்சாலைத் துண்டுகளுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. குங்குமம் அப்பி, கருத்து விறைத்த பழந்துணி. முடிச்சுமேல் முடிச்சு. நடுவில் காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம்.

"ஐயோ, அலமாக்..." என்றான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிகிற விஷயமில்லை. அகாலமாகச் செத்துப்போன ஆளின் ஆவியைப் பூசாரி இப்படித் துணியில் முடிச்சுப் போட்டு ஒரு மரத்தில் கட்டிவிடுவார். கட்டு இருக்கிறவரை பயமில்லை. அவிழ்ந்தால், வரிசையில் கடைசியாகப் போகிற ஆளைத்தான் அது பிடிக்கும். அதனால்தான் இருட்டில் லயத்துக்குத் திரும்பும்போது பெண்களும் பிள்ளைகளும் முன்னால் நடப்பார்கள், கடைசியில் எப்போதும் அப்பாமார்தான் வருவார்கள். அவனுடைய அப்பாவும் அப்படித்தான் வந்தார். ஒரு நாளும் முந்தியதில்லை.

திரும்பிப் போய்க் கட்டிவிடலாம். பாலம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் பாலத்துக்கும் அவனுக்கும் நடுவில் அது இருந்தது.

கிணிங் என்று ஒரு மணி அடித்தது. அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் வாளிகளை மாட்டிக்கொண்டு போன பழைய இரும்புச் சைக்கிளின் துருப்பிடித்த மணி. வழி கேட்கிற மாதிரி, மரியாதையாக, ஒரே ஒரு தடவை.

சுகுமாறன் அந்தத் துணியைப் பாதையில் வீசினான். பெடலை அழுத்தி மிதித்தான். தலைக்குமேல் மட்டைகள் ஓடின, கற்கள் தெறித்தன, கடகடவும் கூடவே வந்தது, அவன் வேகமெடுத்தால் வேகமெடுத்தது. சக்கரத்தில் வாளிகள் உரசின. பால் தளும்பியது. அவன் பிடரியில் ஏதோ தெறித்தது. துடைத்தான். வெள்ளை. பிசின். கையோடு ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்தது.

வளைவு திரும்பினான். கடைசி மேடு தெரிந்தது. வாசுகி இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அப்பாவைக் கண்டதும் அந்த முகம் அப்படியே மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? நான் பயந்துட்டேம்ப்பா. என்ன வாட இது?"

சொல்லியிருக்கலாம். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அவளை முன்னால் விட்டு, பின்னால் நடந்திருக்கலாம். ஒரு மேடுதான். ஒரே ஒரு மேடு.

முதுகில் ஒரு கை பட்டது. ஈரக் கை. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

சுகுமாறன் முந்தினான்.

"அப்பா?"

முழங்கால் வலிக்கவில்லை. இத்தனை வருஷமாகப் படியேற விடாத சனியன் பிடித்த முழங்கால், அன்றைக்குப் பார்த்து எண்ணெய் போட்ட மாதிரி மடங்கியது.

"அப்பா! எங்கப்பா போறீங்க? அப்பா!"

அவன் திரும்பவில்லை. கூப்பிட்ட குரல் பாதியில் நின்றபோதும் திரும்பவில்லை. பின்னால் கடகட இல்லை. வாடை இல்லை. அவனைப் பிடித்திருந்தது விட்டுவிட்டது. ஐயோ, அந்த நிம்மதி! உடம்பெல்லாம் பரவிய அந்தக் கேவலமான நிம்மதி.

கடற்கரையில் வெயில் அடித்தது. கூடாரத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குணாளன் தட்டோடு எழுந்து வந்தான்.

"என்னண்ணே, நீங்க எப்படி முன்னால? வாசுகி எங்க?"

சுகுமாறன் வாயைத் திறந்தான். வந்த மேட்டைக் காட்டினான்.

"பின்னால... பின்னால வர்றா."

"ஸ்வீப்பரே முந்தி வந்துட்டா, அவளுக்குப் பின்னால யாருண்ணே இருக்கா?"

போன வருஷம் சிரித்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எல்லாரும் மரங்கள் முடிகிற இடத்தையே பார்த்தார்கள். அங்கே நிழல் கறுப்பாக நின்றது. நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை.

பிறகு கடகட.

வாசுகிதான். அதே தொப்பி, அதே சட்டை, அதே சைக்கிள். மட்கார்டு இல்லாத சைக்கிள்தான், ஆனாலும் கடகடவென்று ஆடிக்கொண்டே மணலில் உருண்டு வந்தது. குணாளன் மூச்சைவிட்டு, "அப்பாடா, எல்லாரும் வந்தாச்சு!" என்று கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். பாட்டைச் சத்தமாக வைத்தார்கள்.

அவள் சுகுமாறனிடம் வந்து நின்றாள். வியர்வை இல்லை. மூச்சிரைப்பு இல்லை. கன்னத்தில் வெள்ளையாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. கழுத்தில் அந்தப் பழந்துணி. அவன் கத்தியால் அறுத்த இடத்தில் புதிதாக ஒரு முடிச்சு, இறுக்கமாக, சதைக்குள் போகிற அளவுக்கு. எலுமிச்சம்பழம் தொண்டைக்குழியில் உட்கார்ந்திருந்தது.

"வாசுகி..." என்றான்.

அவள் சிரித்தாள். பற்களுக்கு நடுவே வெள்ளைப் பிசின் நூல் நூலாக இழுபட்டது.

"நீங்க முன்னால நடங்கப்பா," என்றாள், மகளின் குரலிலேயே, ரொம்பப் பிரியமாக. "நான் பின்னாலயே வர்றேன்."