இரண்டாம் தண்ணி

இராசமலரின் கடைசி ஆசைக்கு விலை இருநூற்று அறுபது ரூபா. அது தம்பிஐயா போட்ட விலை. பிராங்கை ரூபாவாக்கி, பார்சல் கூலியை ஐம்பதாகப் பிரித்து ஏற்றி, ஒரு கோப்பைக் கோப்பிக்கு இவ்வளவு என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த இருநூற்று அறுபது ரூபாக் கோப்பி இப்போது குசினி மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நீல விளிம்புக் கோப்பை, இராசமலருடையது. அவள் செத்து ஒன்பது நாள். வீட்டில் அவரைத் தவிர ஒருவருமில்லை. அவர் கோப்பி போடவில்லை.

நாலு மணிதான். ஆனாலும் கார்த்திகை மழை அச்சுவேலியை மூடிக் கட்டியிருந்ததால் குசினிக்குள் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. மெசின் சூடாக இருந்தது. தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். நித்திரைக் கலக்கத்தில் தானே போட்டிருப்பேன் என்று நினைத்தார். பகலில் படுத்தெழும்பினால் ஆறு மூட்டை கம்பி ஏற்றி இறக்கியவன் போல உடம்பு உளைகிற வயது.

மெசினை அனுப்பியது மகள் நிவேதனா, சுவிஸிலிருந்து. கூடவே ஐம்பது அலுமினியக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கோப்பைக்கு அளவான தூள். "கப்சூல்" என்றாள் மகள். படுக்கையில் கிடந்த இராசமலர் ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "குங்குமச் சிமிழ் மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். அன்றிலிருந்து அது சிமிழ். மெசினின் பிடியைத் தூக்கி, சிமிழை வைத்து, பிடியை அமத்தினால் உள்ளே இருக்கும் மூன்று ஊசிகள் அதன் முதுகில் இறங்கும். கடக். சுடுதண்ணி பாயும். மெசின் தொண்டையைச் செருமுவதுபோல உறுமும். முன்பக்கத் தகட்டின் பொடித்துளைகளால் கோப்பி இறங்கும். வயிற்றில் கட்டி வந்த பிறகு இராசமலருக்குத் தொண்டைக்குள் இறங்கியது அந்த நாலு மணிக் கோப்பி மட்டும்தான்.

"ஒரு சிமிழ் ஒரு கோப்பைக்குத்தான் அப்பா. பிறகு எறிஞ்சுவிடுங்கோ" என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். எறிவதா? ஒரு பிடி தேங்காய்ப்பூவில் முதற்பால் பிழிந்து, பிறகு தண்ணி விட்டுக் கப்பிப்பாலும் பிழிந்து, சக்கையைக் கோழிக்குப் போடுகிற ஊர் இது. தம்பிஐயாவோ நாற்பது வருஷம் இரும்புக்கடை வைத்து, ஆணியைக்கூட எண்ணி விற்றவர். முதல் தண்ணியைத் தனக்கு எடுத்தார். அதே சிமிழில் இரண்டாம் தண்ணியை விட்டு மனைவிக்குக் கொடுத்தார். மருந்தில் மரத்த நாக்கு, அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

தெரிந்திருந்தது. போன அன்று நாலு மணிக்கு, "இஞ்சருங்கோ, இண்டைக்கு ஒருக்கா முதல் தண்ணி தாறியளே?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம்" என்றார். கை பழகிய கை. முதல் தண்ணியைக் குசினியில் நின்றே குடித்துவிட்டு மற்றதைக் கொண்டுபோனார். அவள் ஒரு வாய் உறிஞ்சினாள். கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். இருட்டுப்படப் போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டாம் நாள் எட்டுச்செலவு. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, ஒரு பங்கை முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். இராசமலரின் தங்கை பராசக்தி குசினிக்குள் தலையை நீட்டி, "அத்தான், அக்காவுக்குக் கோப்பியும் வையுங்கோ. புதுச் சிமிழிலை போடுங்கோ, என்ன?" என்றாள். சந்தியில் நாய் நக்கப்போகிற கோப்பிக்கு இருநூற்று அறுபதா? செத்தவளுக்கு நாக்கு ஏது? காலையில் தான் குடித்த சிமிழையே திரும்ப வைத்து அமத்தினார்.

மறுநாள்தான் இந்தக் கோப்பை.

குடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வீணாகப் போகிறதே. ஆனால் அது கறுப்பென்றால் கறுப்பு, இதுவரை அவர் குடித்த எந்த முதல் தண்ணியிலும் காணாத கறுப்பு. மணத்தில் கோப்பியோடு வேறொன்றும் இருந்தது. வெயிலில் நின்று வேலை செய்த பெனியனின் மணம். கோப்பையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு வந்து பார்த்தபோது கோப்பை காலி. விளிம்பில் ஒரு உதட்டுத் தடம்.

குசினிக் கதவைச் சாத்தியபோதுதான் கதவின் பின்பக்கம் கண்ணில் பட்டது. பென்சில் கோடுகள். பால்காரனுக்கு இராசமலர் கணக்கு வைத்த அதே விதம், அதே சாய்வு. எண்ணினார். இருபத்து நாலு. முதற்கோட்டின் மேல் குறுக்கே ஒரு வெட்டு.

அவளுக்கு இரண்டாம் தண்ணி கொடுத்த நாட்கள் இருபத்து மூன்று. எட்டுச்செலவன்று ஒன்று. கணக்குச் சரி. இன்னொருதரம் எண்ணினார், அப்போதும் சரி. கட்டிலை விட்டு இறங்க முடியாதவள் குசினிக் கதவில் கோடு கீறியது எப்போது? இருபத்து நாலாவதைக் கீறியது யார்?

அடுத்த நாள் நாலு மணிக்குக் கதிரையில் விழித்தபடியே இருந்தார். அப்படித்தான் நினைத்தார். மழைத் தாரை தகரத்தில் விழுந்து சரிந்து பீலியால் வழிகிற ஒரே சத்தத்துக்குள், எங்கோ தொலைவில் யாரோ தொண்டையைச் செருமுகிற உறுமல் கலந்து வந்தபோது, இமை இரண்டும் ஈரச் சாக்குப் போலக் கனத்தன. முதுகில் சுரீர் என்று ஒரு குத்து. கண்ணைத் திறந்தபோது ஆவி பறக்கும் கோப்பை. கதவில் இரண்டாவது வெட்டு.

வயரைக் கழற்றினார். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். மூன்றாம் நாளும் கோப்பி வந்தது.

அன்று பெனியனைக் கழற்றியபோது நெஞ்சுப் பக்கம் ஒரு மண்ணிறக் கறை. மோந்து பார்த்தார். வியர்வை மணக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நெஞ்சுக்குழியைச் சுற்றி, வரிசை வரிசையாக, ஊசி முனையளவு பொடித்துளைகள். இரத்தம் இல்லை. நோவும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. ஆள் ஒருவரைக் கழுவி, பிழிந்து, கொடியில் போட்டதுபோல ஒரு களைப்பு.

நாளுக்கொரு வெட்டு விழுந்துகொண்டு போனது. பன்னிரண்டாவது வெட்டு விழுந்த மறுநாள் மெசினைத் துவாயில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் போனார். சந்தியில் கோப்பிக்கடை வைத்திருக்கிற லெனாட், பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, பழைய சாமான். பதினையாயிரம் தாறன்."

"சுவிஸ் சாமான் தம்பி. இருபத்தைஞ்சுக்குக் குறையாது."

"சரி, இருபது."

"இருபத்தைஞ்சு."

"சரி வையுங்கோ, இருபத்தைஞ்சு."

தம்பிஐயாவின் கை மெசினின் மேல் நின்றது. இவ்வளவு கெதியாக ஒருவன் சம்மதிக்கிறான் என்றால் பொருளின் பெறுமதி அதுக்கு மேலே. நாற்பது வருஷத்துப் படிப்பு அது, பிழைத்ததே இல்லை. "முப்பதெண்டால் பாப்பம்" என்றார்.

லெனாட் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஐயா, நீங்கள் முதல்லை போய் ஒரு டொக்டரைக் காட்டுங்கோ. முகத்திலை ஒரு சொட்டு நிறமில்லை."

திரும்பி வரும் வழியில், ஓட்டோவுக்குள், மடியில் இருந்த மெசின் உறுமியது. மணி நாலு. துவாய் சுட்டது. ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, "என்னய்யா கோப்பி மணக்குது?" என்றான்.

அன்றிரவு நிவேதனா வீடியோவில் வந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருவதற்கு டிக்கட் போட்டுவிட்டாளாம்.

"அப்பா, ஏன் இப்பிடி உருகிப் போனியள்? சாப்பிடுறியளோ இல்லையோ?"

"ஓம், ஓம்."

"அம்மாவை நினைச்சுக்கொண்டே கிடக்கிறியள் என்ன?"

வராதே பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். மனம் அதற்குள் கணக்குப் பார்த்து முடித்துவிட்டது. வீட்டிலிருந்த பெட்டியை அன்று காலையில்தான் கொட்டிப் பார்த்திருந்தார். ஒருநாளும் பாவிக்காத இருபத்தாறு சிமிழ்கள், இருபத்தாறின் முதுகிலும் மும்மூன்று ஓட்டைகள். புதுச் சிமிழ் வந்தால் தினம் ஒரு முதல் தண்ணி போட்டு அவளுக்கு வைத்து, மிச்சத்தைத் தீர்த்துவிடலாம்.

"வரேக்கை அந்தக் கோப்பிப் பெட்டி ரண்டு கொண்டு வா பிள்ளை."

நிவேதனா சிரித்தாள். "நீங்களும் உங்கடை கோப்பியும்! ரண்டென்ன, நாலு கொண்டு வாறன்."

முப்பத்தோராம் நாள். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டில் ஐயரும் வந்து போய், சொந்தங்களும் சாப்பிட்டுக் கலைந்தன. கடைசியாகப் படலையைத் தாண்டிய பராசக்தி, "இனி அழாதேங்கோ அத்தான். இண்டையோடை அக்கா போயிடுவா" என்றாள். கதவில் இருபத்திரண்டு வெட்டு விழுந்திருந்தது. பாக்கி இரண்டு. போகிறவள் பாக்கியை விட்டுவிட்டுப் போவாளா? தம்பிஐயா ஒருநாளும் விட்டதில்லை. அவளோ அவரோடு நாற்பத்தாறு வருஷம் இருந்தவள்.

முந்திய இரவு வந்திறங்கிய நிவேதனா, பயணக் களைப்போடு சடங்குக் களைப்பும் சேர, தாயின் கட்டிலில் குப்புற விழுந்து உறங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை. மழைக்குளிரில் கால்களைக் குறுக்கி, சின்னப் பிள்ளைபோல.

மூன்றேமுக்காலுக்குத் தம்பிஐயா குசினி மேசையில் நாலு பெட்டிகளையும் கொட்டினார். அவர் பிரிக்கும்வரை சுவிஸில் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. ஒன்றைத் திருப்பினார். மூன்று ஓட்டை. அடுத்ததைத் திருப்பினார். மூன்று. அதற்கடுத்தது. மூன்று. இருநூறு சிமிழும் யாரோ குடித்து முடித்தவை. ஈரமாக இருந்தன.

"இராசமலர்" என்றார் வெறுங்குசினியைப் பார்த்து. குரல் காற்றாகத்தான் வந்தது. "பிழைதான். நான் செய்தது பிழைதான். ரண்டுதானே, விட்டுக் குடு."

ஒருநாளும் யாருக்கும் கழிவு கொடுக்காதவர் கேட்ட முதற் கழிவு.

கடக்.

முதுகில் மூன்று இடம். இப்போது அவர் விழித்திருந்தார். நன்றாக விழித்திருந்தார். சரிந்து விழுந்தார். நிலத்தில் சாய்ந்தபடியே மேசையைப் பார்த்தார். மெசின் உறுமியது. நீண்ட உறுமல். இறைத்து வற்றிய கிணற்றில் வாளி இடிக்கிற சத்தம். கோப்பை நிறைந்தது.

வெளிறிய தண்ணி. அடியிலிருந்த நீலப்பூத் தெரிந்தது.

கோப்பை தட்டிலிருந்து சற்று உயர்ந்தது. ஒரு வாய் உறிஞ்சும் சத்தம். கோப்பை தட்டில் வந்து உட்கார்ந்தது.

கதவைப் பார்த்தார். இருபத்து மூன்றாம் கோட்டில் வெட்டு விழவில்லை.

"இஞ்சருங்கோ" என்றது காதுக்குப் பக்கத்தில். அதே களைத்த குரல். கோபமில்லை. "இது இரண்டாம் தண்ணியெல்லோ."

அவரிடம் இனி இறங்குவதற்கு ஒன்றுமில்லை. அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பெட்டிகளில் இல்லை. வீட்டில் குத்துப்படாத சிமிழ் ஒன்றும் இல்லை.

ஒன்று இருந்தது.

பாதி திறந்திருந்த கதவுக்கு அப்பால் கட்டில் தெரிந்தது. தம்பிஐயா எழும்பப் பார்த்தார். கை வரவில்லை. கூப்பிடப் பார்த்தார். வாயால் வெளிறிய தண்ணி வழிந்து நாடியில் இறங்கியது.

மெசினின் பிடி தானாக உயர்ந்தது. நின்றது. மெல்லக் கீழே வந்தது.

கடக்.

வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு மண்ணிறப் புள்ளி. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. நிவேதனா நித்திரையில் ஒருதரம் முனகி, களைப்போடு மறுபக்கம் தலையைத் திருப்பினாள்.

கோப்பை நிறைந்தது. கறுப்பென்றால் கறுப்பு.

ஆறுதலாக உறிஞ்சும் சத்தம். ஒரு வாய், இரண்டு வாய், கடைசிச் சொட்டுவரை. பிறகு கதவின் பின்னால் பென்சில் உரசியது.

இருபத்து நாலு கோடு. வெட்டியது இருபத்து மூன்று. பாக்கி ஒன்று.