நாற்பத்தொன்றாவது பனை

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தப் பனையின் நிழல் மேற்கே விழுந்து கிடந்தது.

முனியராஜ் அதைப் பார்த்தபடியேதான் கடந்து போனான். நூறு அடி தாண்டிய பிறகுதான் மனசில் ஏதோ இடறியது. வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். சிவகாசியிலிருந்து திருத்தங்கலுக்குப் போகிற சாலையில், வேலிக்கருவையின் நிழலும் கரண்டுக் கம்பத்தின் நிழலும் வீடு திரும்பக் கம்பெனி வேனுக்குக் காத்து நின்ற பெண்களின் நிழலும் சொல்லிவைத்தாற்போல் கிழக்கே நீண்டு கிடக்க, அந்த ஒரு பனையின் நிழல் மட்டும் எரிகிற சூரியனை நோக்கியே படுத்திருந்தது. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. கருவை தலையை விரித்து ஆடியது. பெண்கள் முந்தானையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பனையில் ஓர் ஓலை அசையவில்லை. அதன் தலையில் இடது பாதி இல்லவே இல்லை, யாரோ பிய்த்து எறிந்த மாதிரி. மழையைக் கண்டு மாதக்கணக்கான அந்தக் கரிசல் காட்டில் அவன் மூக்கில் கடல் வாடை அடித்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த இடத்தில் சங்கையா டீக்கடை இருந்தது. காலையில் அவனே அங்கே நின்று டீ குடித்திருக்கிறான்.

"அக்கா, இங்கன இருந்த சங்கையா கடை எங்க?" என்று வேனுக்கு நின்ற சின்னத்தாயைக் கேட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. அலுமினியப் பொடி பட்டு அவள் கை மணிக்கட்டுவரை வெள்ளியாய் மின்னியது.

"எந்தக் கடை? இங்கன எப்பவும் பனைதான நிக்கி," என்றாள் அவள். "வெயில்ல அலையாம வீட்டுக்குப் போங்க தம்பி."

போனான். வாசலில் நாலு வயது எழில் வழக்கம்போல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே அப்படி வந்து நின்றுவிடுவாள். தூக்கி இடுப்பில் வைக்கிறவரை கையை இறக்க மாட்டாள். முனியராஜுக்கு இந்த உலகத்தில் சொத்து என்றால் அந்தப் பிள்ளைதான். அன்றைக்குத் தூக்கியவன் சாப்பாட்டு நேரம்வரை இறக்கவில்லை.

"என்னங்க, இன்னைக்குப் புதுசாக் கொஞ்சுறீக?" என்று அவன் மனைவி பானுப்பிரியா சிரித்தாள். அந்தப் பனையை அவனுக்குத் தெரியும். அதை நட்டவனே அவன்தான்.

முனியராஜ் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவன். நல்ல கைக்காரன் என்று பெயர். காலண்டர் சாமிக்கு மாலை மெலிவாகத் தெரிந்தால் ஒரு ரோஜாவை எடுத்து நூறாக்கிக் கழுத்து நிறையப் போடுவான். ஜவுளிக்கடை முதலாளியின் அம்மைத் தழும்பை அவர் கன்னத்துத் தோலை வைத்தே மூடுவான். நல்லதாக ஓரிடத்தை எடு, அசிங்கமாக இருக்கிற இடத்தின் மேல் வை. அவ்வளவுதான் தொழில்.

ஜூன் மாதம், கடலுக்கு அந்தப் பக்கம் போர் முடிந்த சூட்டோடு, யாரோ ஒரு ஏஜெண்டு மூலமாகக் கலர் புத்தக ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு மணல் திட்டு. அங்கே போய் இருங்கள், பத்திரமாக இருப்பீர்கள் என்று ராணுவக்காரர்களே சொல்லித்தான் ஜனங்களை அந்தத் திட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே குண்டே விழவில்லை என்று சாதிப்பதற்கு அந்தப் புத்தகம். நடுப்பக்கத்துக்கு வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று வந்தது; காலை பத்தரை மணி என்று ஓரத்தில் குறித்திருந்தது. படத்தில் தோப்பு கருகிக் கிடந்தது. கழிமுகத் தண்ணீர் பழுப்பேறியிருந்தது. ஜனங்கள் உயிருக்குப் பயந்து தோண்டிய பதுங்குகுழிகளின் மேலேயே குண்டு விழுந்து நாற்பத்தோரு பள்ளம்.

"இதெல்லாம் கண்ணுல படக்கூடாதுலே," என்றார் மேனேஜர் வெள்ளைத்துரை.

முனியராஜ் தண்ணீரை நீலமாக்கினான். கரியைப் பச்சையாக்கினான். தலையோடு தப்பியிருந்த ஒரே பனையை, அதுவும் அரைத் தலைதான், மேற்கே விழுந்த அதன் நிழலோடு சேர்த்து எடுத்து நாற்பத்தோரு பள்ளத்தின் மேலும் வைத்தான். நிழலை மாற்றவோ ஓலையைத் திருப்பவோ கூட மெனக்கெடவில்லை. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? கடைசிப் பள்ளத்தின் விளிம்பில் மட்டும் ஒரு குட்டி நிழல் கிடந்தது. பெரிதாக்கினால் நாலைந்து புள்ளிதான். ஆனால் அது ஒரு பிள்ளை என்பதும், மேலே பார்த்து இரண்டு கையையும் தூக்கியிருக்கிறது என்பதும் அவனுக்குப் புரிந்தது. புரிந்துதான் மூடினான். மூடிவிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிடப் போனான்.

எண்ணிப் பார்க்க ஒருத்தி இருந்தாள். விருதுநகரில் ஒரு கல்லூரியில் பூகோளம் நடத்துகிற அருணாதேவி. இணையத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கிற வானப் படங்களையும் செல்போனில் எடுத்துப் போட்ட படங்களையும் வருடக்கணக்காகச் சேர்த்து, நிழலின் நீளத்தை அளந்து, எந்த நாள், எந்த மணி, எந்த மரத்தடி என்று கண்டுபிடிக்கிறவள். டீக்கடை காணாமல் போன அன்று மத்தியானம் அவள், புத்தகத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்து, தேடி வந்து புத்தகத்தை அவன் மேசையில் விரித்தாள்.

"ஒரே பனை நாப்பத்தொரு இடத்துல நிக்கிண்ணே. அதே ஓலை, அதே நிழல். பத்து நாள் கழிச்சு எடுத்த படத்துல தோப்பு பூரா மொட்டையா எரிஞ்சு கிடக்கு. நீங்க வச்ச மரம் ஒண்ணுகூட அதுல இல்ல. ஆனா அன்னைக்கு எடுத்த படம் வெளிய எங்கயும் கிடைக்கல. அது ஒங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். குடுங்க."

"அது... ஆர்டர் குடுத்தவுகளது மேடம்."

"மதுரையில எங்கூட ஹாஸ்டல்ல படிச்சவ அதுல ஒரு குழிக்குள்ள இருந்தா." அவள் குரல் உடையவில்லை. கோபத்தில் அது இறுகிப் போயிருந்தது. "அவுகளுக்குக் கல்லறை கிடையாதுண்ணே. அந்தக் குழிதான் இருந்துச்சு. அதையும் மூடிட்டீக."

திருத்தாத படம் இருந்த சிடி அவன் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அப்படி எதுவும் இல்லை என்று கூசாமல் சொன்னான். அவள் செல்போன் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கியதும், சிடியை நாலாக உடைத்துக் கழிவுக் காகிதத்துக்குள் திணித்தான். அந்த நொடியில் எங்கோ தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு தங்கள் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் என்று நினைத்துப் பதறுவார்கள். முனியராஜும் சன்னலுக்கு ஓடினான். புகை இல்லை. அச்சகத்தில் வேறு ஒருவரும் தலை தூக்கக்கூட இல்லை.

மறுநாள் அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. புகையில்லாத சத்தம். அவனுக்கு மட்டும் கேட்கிற சத்தம். சாயங்காலம் திரும்பும்போது பஸ் நிறுத்தக் கொட்டகை இருந்த இடத்தில் அரைத் தலைப் பனை நின்றது. அடிபம்பு இருந்த இடத்தில் ஒன்று. சைக்கிள் கடை இருந்த இடத்தில் ஒன்று. காற்று ஊளையிட்டது, அவை மட்டும் சுவரில் ஒட்டிய படம் மாதிரி நின்றன. எல்லா நிழலும் மேற்கே. அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். கடல் வாடை வீட்டு வாசல்வரை கூடவே வந்தது.

மூன்றாம் நாள் காலை சின்னத்தாய் வீடு இருந்த இடத்தில் பனை நின்றது. அவள் புருஷன் முத்துப்பாண்டி அதன் அடியில் வெறுந்தரையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா எங்கண்ணே?"

"எந்த அக்கா?"

"ஒங்க சம்சாரம். சின்னத்தாயக்கா."

முத்துப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். "நக்கலாலே? எனக்கு எப்படா கல்யாணம் ஆச்சு?" என்று சிரித்துவிட்டு அடுத்த வாய்ச் சோற்றை அள்ளினான்.

முதலில் கடைகள். இப்போது மனுஷர்கள். வீட்டுக்குள் ஓடிப்போய்த் தூங்குகிற எழிலைத் தொட்டுப் பார்த்தான். சூடாக, வியர்த்து, முழுசாக இருந்தாள். கதவை நன்றாகச் சாத்திக்கொள், பிள்ளையை வெளியே விடாதே என்று பானுப்பிரியாவிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் பறந்தான்.

கம்ப்யூட்டரில் அந்தப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தான். அவன் திருத்திய படம்.

பனைகள் இல்லை.

அவன் வைத்த இடமெல்லாம் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. தண்ணீர் மறுபடியும் பழுப்பு. தோப்பு மறுபடியும் கரி. எண்ணினான். திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். நாற்பது பள்ளம். நாற்பது பனை ஊருக்குள் இறங்கியாயிற்று; ஒரே ஒரு பனை மட்டும் பாக்கி. அது எதை மூடியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

செல்போனை எடுத்தான். "மேடம், படம் இருக்கு. வந்துருச்சு. எடுத்துட்டுப் போயிருங்க. ஊருக்கே காட்டுங்க."

"ஒங்களப் பாக்கத்தான் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன். பத்தரைக்கு அங்கன இருப்பேன்," என்றாள் அருணாதேவி. "அதுவரைக்கும் அதுல கை வைக்காதீக."

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. மூன்று நாளில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. கொடுத்துவிட்டால் போதும். கொடுத்துவிட்டால் அந்தக் குழிக்குள் கிடப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அப்போதுதான் தோளுக்குப் பின்னால் வெள்ளைத்துரையின் வெற்றிலை வாசம் வந்தது. போனில் பேசியதை அவர் கேட்டிருந்தார்.

"யாருக்குலே படம் குடுக்கப் போற?"

"அண்ணாச்சி, இதப் பாருங்க. மரமெல்லாம்..."

"என்னத்தைப் பாக்கச் சொல்லுத? எல்லாம் நீ பண்ணி வச்ச மாதிரி அழகாத்தான் இருக்கு." அவர் கண்ணுக்கு அந்தப் பனைகள் தெரிந்தன. "அழிச்சிரு. இப்பவே. இல்ல, நாளையிலருந்து வேலைக்கு வராத. இந்த ஊர்ல வேற எந்தப் பிரஸ்லயும் ஒன்னைச் சேக்க விட மாட்டேன்."

பத்து இருபத்தெட்டு. இரண்டு நிமிஷம். "முடியாது அண்ணாச்சி" என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாளாக நடுங்கியவன், சாமி படத்தையே திருத்துகிற கைக்காரன், மேனேஜருக்கு முன்னால் வழக்கம்போல் குனிந்தான். அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான்.

கடிகாரத்தில் பத்தரை.

சத்தம்.

இந்த முறை தூரத்தில் இல்லை. பல் கூசுகிற சத்தம். சன்னலைப் பார்த்தான். புகை இல்லை.

படியில் ஏறி வந்துகொண்டிருந்த அருணாதேவியை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினான். அவள் பின்னால் ஏதோ கத்தினாள். வண்டி. சாலை. பனை. பனை. பனை. பத்தரை மணி வெயிலில் கம்பத்தின் நிழலும் மேற்கே. மாட்டின் நிழலும் மேற்கே. அவன் நிழலும் மேற்கே. எது நிஜம், எது அவன் வைத்தது? தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

அவன் தெரு. அவன் வீடு. இருந்தது. சுவர், ஓடு, கதவு எல்லாம் இருந்தன. வாசலில் வண்டியை அப்படியே போட்டான்.

"எழிலு!"

யாரும் ஓடி வரவில்லை.

பானுப்பிரியா முற்றத்தில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்நேரத்துக்கு வந்துட்டீக?"

"பிள்ளை எங்க?"

"யாரு பிள்ளை?"

"நம்ம பிள்ளை. எழிலு."

அவள் கை நின்றது. முகம் சுருங்கியது. "கோயில் கோயிலாப் போயும் கிடைக்கலேன்னு நானே நொந்து கிடக்கேன். நீங்களும் குத்திக் காட்டுறீகளா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், முற்றத்தின் நடுவில், அரைத் தலைப் பனை.

அவன் அதைக் கட்டிப்பிடித்துத் தள்ளினான். நகத்தால் பிராண்டினான். மரம் மாதிரியே இல்லை, வழவழவென்று இருந்தது. உச்சி வெயில் வந்தது, சாய்ந்தது. கூப்பிட்டுப் பார்த்துக் களைத்த பானுப்பிரியா உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் சுவரின் நிழல் கிழக்கே திரும்பியது. அவன் நிழலும் கிழக்கே திரும்பியது. பனையின் நிழல் மட்டும் மேற்கே கிடந்தது.

அந்த நிழலின் விளிம்பில், காயப்போட்ட மிளகாயின் மேல், இன்னொரு நிழல். குட்டியாக. அதற்கு ஆள் இல்லை.

தெருவில் யாருடைய வண்டியோ சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

குட்டி நிழல் இரண்டு கையையும் மேலே தூக்கியது.